சபைக்குப் பாடக் கற்பித்தவர்கள்: நியூ இங்கிலாந்தின் பாட்டுப் பள்ளிகள்

பதினெட்டாம் நூற்றாண்டில், வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில், திருச்சபை மக்களுக்குப் பாடக் கற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டு, ஒரு குளிர்காலம் ஓர் ஊர், மறு குளிர்காலம் வேறோர் ஊர் என்று வாழ்நாளைக் கழித்த ஆசிரியர்கள் பலர் இருந்தனர். இவர்களைத் திருச்சபையும் நியமிக்கவில்லை, அரசும் நியமிக்கவில்லை. போதகருக்கு இருந்ததைப் போன்ற வீடோ ஆண்டு ஊதியமோ இவர்களுக்கு இல்லை. ஆயினும் மாசசூசெட்ஸிலிருந்து தென் கரோலினா வரை, உழவரும் கைவினைஞரும் அவர்தம் பிள்ளைகளும் சுரக்குறியைக் கண்ணால் பார்த்து வாயால் பாடும் திறனைப் பெற்றது பெரும்பாலும் இவர்களாலேயே. இத்தொழிலில் திருச்சபையும் பயணமும் ஆசிரியரின் தனிப்பட்ட ஈடுபாடுகளாக மட்டும் இருக்கவில்லை. பாட்டு வேண்டும் என்ற தேவையைத் திருச்சபை உண்டாக்கியது. அத்தேவையை நிறைவேற்றியவருக்கு அது நிலையான இருக்கை தராததால், அவர் ஊர் மாறிக்கொண்டே இருக்க நேர்ந்தது.

அத்தேவை தோன்றிய விதத்தை அறியப் பதினேழாம் நூற்றாண்டுக்குச் செல்ல வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய பியூரிட்டன்கள், ஆராதனையில் விவிலியத்தின் சங்கீதங்களைத் தவிர வேறு பாடல் கூடாது என்றும், ஆர்கன் முதலிய கருவிகள் ஆலயத்தில் ஒலிக்கக் கூடாது என்றும் உறுதியாக இருந்தவர்கள். 1640-இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் அச்சான அவர்களது சங்கீதப் புத்தகமே, அங்கிருந்த ஆங்கிலேயக் குடியேற்றங்களில் அச்சேறிய முதல் நூல் ஆகும். சங்கீதங்களைச் சந்தப் பாக்களாக மாற்றித் தந்த அந்நூலில் மெட்டுகள் அச்சிடப்படவில்லை. 1698-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில்தான் 13 மெட்டுகள் சேர்க்கப்பட்டன. புத்தகம் இல்லாதவரும் படிக்கத் தெரியாதவரும் சபையில் இருந்தமையால், டீக்கன் எனப்படும் உதவி ஊழியர் ஒவ்வோர் அடியாக உரக்கச் சொல்ல, சபையார் அதைக் கேட்டுப் பாடும் வழக்கம் நிலைபெற்றது. முன்னவர் ஓர் அடி சொல்லப் பின்னவர் அதை வாங்கிப் பாடும் நம் ஊர்ப் பஜனையைப் போன்றதே இது. ஆனால் தாளமோ கருவியோ துணை இல்லாததால், காலப்போக்கில் பாட்டின் வேகம் மிகவும் தளர்ந்து, ஒவ்வொரு சுரத்தையும் அவரவர் விருப்பப்படி நீட்டியும் வளைத்தும் பாடுவது இயல்பாயிற்று. ஒரே மெட்டு இரண்டு ஊர்களில் இரண்டு மெட்டாக ஒலித்தது.

கல்லூரியில் பயின்ற இளம் போதகர்கள் இதைச் சீர்கேடு என்று கருதினர். பிராட்ஃபோர்டு ஊரின் தாமஸ் சிம்ஸ் 1720-இல் குறிபார்த்துப் பாடும் முறையை ஆதரித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டிலேயே நியூபரியின் ஜான் டஃப்ட்ஸும் ராக்ஸ்பரியின் தாமஸ் வால்டரும் தனித்தனியே இசைப் பாடநூல்களை எழுதினர். டஃப்ட்ஸ், சுரங்களைக் குறிக்க வழக்கமான வட்டக் குறிகளுக்கு மாற்றாக, ஐந்து கோடுகளின்மேல் சுரப்பெயர்களின் முதல் எழுத்துகளையே அச்சிட்டார். வால்டரின் நூலை அச்சிட்டவர் பெஞ்சமின் பிராங்க்ளினின் அண்ணன் ஜேம்ஸ் பிராங்க்ளின். பிற்காலத்தில் புகழ்பெற்ற தம்பி அப்போது அந்த அச்சகத்தில் தொழில் பழகும் சிறுவனாக இருந்தார்.

இம்முயற்சிக்கு எழுந்த எதிர்ப்பு சிறியதன்று. சிம்ஸ் 1723-இல் எழுதிய மற்றொரு நூலில் எதிர்ப்பாளர்களின் வாதங்களைத் தொகுத்து விடையளித்திருப்பதால் அவை நமக்குத் தெரிய வருகின்றன: இது முன்னோர் அறியாத புதுமுறை, சுரப்பெயர்கள் தெய்வ நிந்தனை, இது கத்தோலிக்க வழிபாட்டுக்குத் திரும்பும் வழி, இன்று குறி வந்தால் நாளை கருவி வரும், இளைஞர்கள் இரவில் நெடுநேரம் வெளியே தங்குவார்கள், இது பணம் பறிக்கும் சூழ்ச்சி. இவ்வாதங்களை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது, ஆனால் முறையாகாது. பழைய முறையில் பாடிய முதியவர்களுக்கு அம்மெட்டுகள் தாய் தந்தையரிடமிருந்து செவிவழி வந்த சொத்து. அதைப் பிழை என்று ஒரு தாளைக் காட்டிச் சொல்லும் உரிமை அயலூரார் ஒருவருக்கு எங்கிருந்து வந்தது என்ற வலி அவ்வாதங்களின் அடியில் இருந்தது. மேலும், கருவி வந்துவிடும் என்ற அவர்களது அச்சம் இரண்டு தலைமுறைகளுக்குள் உண்மையுமாயிற்று.

போதகர்கள் கொள்கையை வகுத்தார்கள். அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது பாட்டுப் பள்ளி. அறுவடை முடிந்து உழவருக்கு ஓய்வு கிடைக்கும் குளிர்காலத்தில், வாரத்துக்கு இரண்டு மூன்று மாலைகளாக ஏறத்தாழ மூன்று மாதங்கள் அது நடந்தது. ஊரிலுள்ள சிலர் சேர்ந்து சந்தா திரட்டி ஆசிரியரை அழைப்பதும் உண்டு. ஆசிரியரே செய்தித்தாளில் அறிவிப்புச் செய்து மாணவர்களைச் சேர்ப்பதும் உண்டு. பள்ளிக்கூடம், ஆலயக் கூடம், சத்திரம், ஒருவர் வீட்டின் பெரிய அறை என்று கிடைத்த இடத்தில் வகுப்பு கூடும். மாணவர்கள் தத்தம் மெழுகுவத்தியையும் புத்தகத்தையும் கொண்டுவர வேண்டும். ஆண்களும் பெண்களும் ஒரே கூடத்தில் அமர்ந்து கற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது; இளையோர் பெற்றோர் பார்வைக்கு அப்பால் கூடிப் பழக ஊர் ஒப்புக்கொண்ட மிகச் சில இடங்களுள் இதுவும் ஒன்றாக இருந்தமையால், பள்ளி நிறைவதற்குப் பக்தி மட்டுமே காரணம் என்று கொள்ள வேண்டியதில்லை.

ஆசிரியரின் கருவிகள் மூன்றே: சுருதி கொடுக்க மரத்தால் ஆன சிறு ஊதுகுழல், தாளம் போடக் கை, நீளவாட்டில் கட்டப்பட்ட மெட்டுப் புத்தகம். கற்பித்த முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. நம் இசையில் ச ரி க ம என்று ஏழு சுரங்களுக்கு ஏழு பெயர்கள் இருப்பதைப் போலன்றி, அம்முறையில் ஃபா, சோல், லா, மி என்ற நான்கு பெயர்களே இருந்தன. முதல் மூன்றும் இருமுறை வந்து, மி ஒருமுறை மட்டும் வந்து ஏழையும் நிரப்பும். மி எங்கே விழுகிறது என்று கண்டுகொண்டால் மற்றவற்றின் இடம் தானே விளங்கும். மாணவர்கள் எந்தப் பாட்டையும் முதலில் இச்சுரப்பெயர்களால் பாடி, இடைவெளிகள் குரலில் படிந்த பின்னரே சொற்களைச் சேர்த்துப் பாடினர். பருவத்தின் முடிவில் மாணவர் அனைவரும் ஆலயத்தில் கூடிப் பாடிக்காட்டுவார்கள். அன்று போதகர் இசையின் பயன் குறித்துப் பிரசங்கம் செய்வார். பிறகு ஆசிரியர் கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு புறப்பட்டுவிடுவார்.

அவர் புறப்படுவதற்கான காரணம் எளிமையானது. ஒரு சிற்றூரில் பாடக் கற்கும் வயதும் விருப்பமும் உடையவர்கள் ஒரு குளிர்காலத்திலேயே கற்று முடித்துவிடுவர். அடுத்த தலைமுறை வளர்ந்து வரும் வரை அவ்வூரில் அவருக்கு வேலை இல்லை. எனவே இத்தொழிலர்களுள் பெரும்பாலோர் வேறொரு தொழிலையும் கையில் வைத்திருந்தனர். டேனியல் ரீட் சீப்பு செய்தார். திமோத்தி ஸ்வான் தொப்பி செய்தார். ஆலிவர் ஹோல்டன் தச்சர். சப்ளை பெல்ச்சர் சத்திரம் நடத்தினார். வெர்மாண்டில் வாழ்ந்த ஜஸ்டின் மார்கன் பள்ளியாசிரியராகவும் பாட்டாசிரியராகவும் இருந்ததோடு குதிரையும் வளர்த்தார். அவர் வைத்திருந்த பொலிகுதிரையின் வழிவந்த இனம் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது, ஆனால் அவர் அமைத்த மெட்டுகளை அறிந்தவர் குறைவு. ஆங்கில அகராதியால் புகழ்பெற்ற நோவா வெப்ஸ்டரும் 1785-இல் பால்டிமோரில் ஒரு பாட்டுப் பள்ளி நடத்தியவர்தான்.

இவர்களுள் வில்லியம் பில்லிங்ஸ் பெயரே இன்று மிகுதியாக நினைக்கப்படுகிறது. 1746-இல் பாஸ்டனில் பிறந்து, தோல் பதனிடும் தொழில் பழகி, இசையைப் பெரும்பாலும் தாமே கற்றுக்கொண்ட அவர், 1770-இல் வெளியிட்ட நூலில் நூற்றுக்கு மேற்பட்ட மெட்டுகள் அடங்கியிருந்தன. அவை அனைத்தும் அவரே அமைத்தவை. ஓர் அமெரிக்கரின் ஆக்கங்களை மட்டுமே கொண்ட மெட்டுப் புத்தகம் அதற்கு முன் வந்ததில்லை. அதன் முகப்புப் படத்தைச் செதுக்கியவர் விடுதலைப் போரில் பெயர்பெறவிருந்த பால் ரிவியர். பில்லிங்ஸ் 1774-இல் ஸ்டவுட்டன் ஊரில் பள்ளி நடத்தினார். அவ்வூரில் கற்றவர்கள் 1786-இல் ஓர் இசைச் சங்கத்தை நிறுவினர். எனினும் 1800-இல் அவர் வறுமையிலேயே இறந்தார். அவரது மெட்டுகள் நாடெங்கும் பாடப்பட்டபோதும், அவற்றைப் பிறர் தங்கள் தொகுப்புகளில் அச்சிட்டுக்கொண்டதால் அவருக்குக் கிடைத்தது சிறிதே. பதிப்புரிமை வேண்டி அவர் செய்த விண்ணப்பத்தை ஏற்று 1772-இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா, ஆளுநர் ஹட்சின்சன் கையெழுத்திட மறுத்ததால் சட்டமாகாமல் போயிற்று.

பள்ளிகள் ஊர்களுக்குத் தந்தது புதிய ஒலியை மட்டுமன்று. ஆலயத்தின் இருக்கை ஒழுங்கையே அவை மாற்றின. நியூ இங்கிலாந்தின் ஆலயங்களில் குடும்பத்தின் செல்வத்துக்கும் மதிப்புக்கும் வயதுக்கும் ஏற்ப இடம் ஒதுக்கப்படுவது வழக்கம். பள்ளியில் கற்ற இளைஞர்கள் ஒன்றாக அமர்ந்தால்தான் பாட முடியும் என்று கேட்டபோது, உழவன் மகனும் வணிகர் மகளும் தகுதி வரிசையைவிட்டு மேல்மாடத்தில் ஒரே பலகையில் அமரும் நிலை வந்தது. கட்டணம் வாங்கிக் கற்பித்த ஓர் ஆசிரியரின் மூன்று மாத உழைப்பு, ஊர்ப் பெரியோரின் குழுக்கள் காத்துவந்த வரிசையைக் குலைத்தது. டீக்கன் அடியெடுத்துக் கொடுக்கும் வழக்கத்துக்கும் அதனால் முடிவு வந்தது. வூஸ்டர் நகரில் 1779-இல் அவ்வழக்கத்தை நிறுத்துமாறு முடிவு செய்யப்பட்ட பின், அடுத்த ஞாயிறன்று முதிய டீக்கன் எழுந்து வழக்கம்போல் முதல் அடியைச் சொன்னார். மேல்மாடத்தில் இருந்த பாடகர்கள் நிறுத்தாமல் பாடினர். அவர் குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டே போனார். முடிவில் பாடகர் குரல் மேலோங்க, அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கண்ணீரோடு ஆலயத்தை விட்டு வெளியேறினார் என்று அந்நகர வரலாறு பதிவு செய்துள்ளது. பாட்டுப் பள்ளியின் வெற்றியைச் சொல்லும்போது இந்த முதியவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தொழிலை ஒருவர் வாழ்வில் முழுமையாகக் காண விரும்புவோர்க்கு ஆண்ட்ரூ லாவின் வாழ்க்கையே பொருத்தமானது. 1749-இல் கனெக்டிகட்டின் மில்ஃபோர்டில் பிறந்த அவர், அக்குடியேற்றத்தின் ஆளுநராக இருந்த ஜோனத்தன் லாவின் பேரன். செஷயர் என்ற ஊரில் வளர்ந்து, பின்னர் பிரவுன் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்ற ரோட் தீவுக் கல்லூரியில் 1775-இல் பட்டம் பெற்று, இறையியல் பயின்று, 1787-இல் குருப்பட்டமும் பெற்றார். இத்தகைய குடும்பப் பின்னணியும் கல்வியும் உடையவருக்கு ஒரு நல்ல சபையில் போதகர் பதவி அரிதன்று. அவரோ ஒரே ஊரில் போதகராக நிலைகொள்ளாமல், சங்கீதப் பாட்டைச் சீர்செய்வதே தமக்கு இடப்பட்ட ஊழியம் என்று கொண்டு, பிலடெல்பியா, பால்டிமோர், சார்ல்ஸ்டன், பாஸ்டன், சேலம் என்று கடற்கரை நகரங்களில் மாறி மாறிப் பள்ளி நடத்தினார். போகுமிடங்களில் பிரசங்கமும் செய்தார். கற்பிக்கும் ஊரில் புத்தகத்தை விற்பது, கற்றவர்களுள் தேர்ந்தவரைத் துணையாசிரியராக்கி வேறு ஊருக்கு அனுப்புவது, செஷயரில் இருந்த தம் சகோதரர் வில்லியம் மூலம் அச்சும் அனுப்புதலும் நடத்துவது என்று அவரது தொழில் விரிந்தது. பல மாநிலங்களில் பரவிய இந்த ஏற்பாட்டை அவர் பெரும்பாலும் கடிதங்களாலேயே நடத்தினார்.

ஊர் மாறும் ஆசிரியருக்குப் புத்தக விற்பனையே ஓரளவு நிலையான வருவாய் என்பதால், தம் நூல்களைப் பிறர் களவாக அச்சிடுவது லாவின் பிழைப்பையே தாக்கியது. அவர் கனெக்டிகட் சட்டமன்றத்தில் முறையிட, 1781-இல் அவருடைய மெட்டுத் தொகுப்பை அச்சிட்டு விற்கும் தனியுரிமை ஐந்து ஆண்டுகளுக்கு அவருக்கு வழங்கப்பட்டது. அம்மாநிலம் எல்லா நூலாசிரியர்க்கும் பொதுவான பதிப்புரிமைச் சட்டத்தை இயற்றியது 1783-இல். நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது 1790-இல். ஆகவே அமெரிக்கப் பதிப்புரிமை வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் ஒரு பாட்டாசிரியர் பெயர் இருப்பது தற்செயலன்று: எழுத்தாளருக்கு ஓர் ஊரும் ஒரு மேசையும் போதும், பாட்டாசிரியரின் புத்தகமோ அவர் செல்லாத ஊர்களிலும் அவருக்காக உழைக்க வேண்டியிருந்தது.

லாவின் சுவை காலத்தோடு மாறியது. இளமையில் அவர் தொகுத்த நூல்களில் பில்லிங்ஸ் போன்றோரின் அமெரிக்க மெட்டுகளுக்கும் இடம் இருந்தது. 1793-இல் வெளியிட்ட பாடநூலின் முன்னுரையிலோ, அமெரிக்கப் பாடகரின் குரல் கரடுமுரடானது என்றும், அமெரிக்க ஆக்கங்கள் செம்மை குறைந்தவை என்றும், ஐரோப்பிய முறையின் மென்மையே ஆலயத்துக்கு ஏற்றது என்றும் வாதிட்டார். அதுவரை பல குரல் பாட்டில் முதன்மை மெட்டை டெனர் எனப்படும் ஆண்களின் உயர்குரல் ஏந்துவதே வழக்கம். அதைப் பெண்கள் பாடும் மேற்குரலுக்கு மாற்ற வேண்டும் என்று வலியுறுத்திய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். இன்று உலகெங்கும் ஆலயங்களில் முதன்மை மெட்டு மேற்குரலிலேயே ஒலிப்பதால், அந்த வாதத்தில் அவர் வென்றார் என்றே கொள்ள வேண்டும். ஆனால் தம் நாட்டாரின் மெட்டுகளை அவர் புறக்கணித்தது நியாயமாகப் படவில்லை. சீப்பு செய்தவரும் தோல் பதனிட்டவரும் அமைத்த அம்மெட்டுகளில் ஐரோப்பிய இலக்கணத்துக்கு ஒவ்வாத இடங்கள் உண்டு. அவற்றின் வலிமையும் அவ்விடங்களிலேயே இருக்கிறது.

இக்காலத்துப் பள்ளிகள் வெள்ளையர்க்கு மட்டுமே பயன்பட்டன என்று எண்ணுவது பிழை. ரோட் தீவின் நியூபோர்ட் துறைமுகம் அடிமை வணிகத்தால் செழித்தது. 1746 அளவில் ஆப்பிரிக்காவில் பிறந்து, பதினான்கு வயதில் அங்கே கொண்டுவரப்பட்டு, கேலப் கார்ட்னர் என்ற வணிகருக்கு விற்கப்பட்ட ஒருவர், நியூபோர்ட் கார்ட்னர் என்ற பெயரால் அழைக்கப்பட்டார். அவர் தாமே வைத்துக்கொண்டிருந்த ஆப்பிரிக்கப் பெயர் ஒக்ரமார் மாரிக்கூ. அடிமை நிலையிலேயே ஆங்கிலம் படிக்கவும் எழுதவும் கற்று, பின் சுரக்குறியும் கற்றார். ஆண்ட்ரூ லாவிடம் பயின்றவர் என்றும் கருதப்படுகிறது. நியூபோர்ட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து அவர் நடத்திய பாட்டுப் பள்ளியில் மாணவர்கள் பலர் பயின்றனர். அவரை உடைமையாகக் கொண்டிருந்த குடும்பத்தின் மனைவியே அவரிடம் பாட்டுக் கற்றார் என்று சொல்லப்படுகிறது. ஒரு மனிதரை விலைக்கு வாங்கி வைத்திருக்கும் வீட்டார், சுருதியும் தாளமும் அறிய அவரையே ஆசிரியராக ஏற்ற அந்நிலையின் கொடுமை, அவர் பெற்ற மதிப்பால் சிறிதும் குறைந்துவிடவில்லை.

1791-இல் அவரும் தோழர்களும் சேர்ந்து வாங்கிய லாட்டரிச் சீட்டுக்குப் பரிசு விழுந்தது. தம் பங்கைக் கொண்டு அவர் விடுதலை பெற்றார். அதற்கு முன்பே, 1780-இல், நியூபோர்ட்டின் ஆப்பிரிக்கர்கள் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட உதவிச் சங்கத்தில் அவர் முன்னின்றார். சாமுவேல் ஹாப்கின்ஸ் போதகராக இருந்த சபையில் ஆலயப் பணியாளராக உழைத்தார். 1808-இல் ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய முயற்சியிலும், 1824-இல் அவர்களுக்கென்றே ஒரு திருச்சபை அமைந்ததிலும் அவர் பங்கு உண்டு. ஆப்பிரிக்காவுக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணத்தை இத்தனை ஆண்டுகளும் அவர் கைவிடவில்லை. தாய்மொழியை மறக்காமல் காத்துக்கொண்டார். எண்பதாம் வயதை நெருங்கிய பின் அவ்வாய்ப்பு வந்தது. பாஸ்டனில் டீக்கனாக நியமிக்கப்பட்டு, தாம் அமைத்த வழிபாட்டிசை ஒன்று அங்கே பாடப்பட்டதைக் கேட்டு, 1826 ஜனவரியில் லைபீரியா நோக்கிக் கப்பலேறினார். சென்று சேர்ந்த சில மாதங்களுக்குள் அங்கேயே இறந்தார். அவ்வழிபாட்டிசைக்கு அவர் விவிலியத்திலிருந்து தேர்ந்தெடுத்த சொற்கள் கிடைத்துள்ளன, இசை கிடைக்கவில்லை. லாவும் பில்லிங்ஸும் பிழைப்புக்காகவும் ஊழியத்துக்காகவும் ஊர் மாறினார்கள். கார்ட்னரின் முதல் கடற்பயணம் அவர்மீது சுமத்தப்பட்டது. இரண்டாவதை மட்டுமே அவர் தாமே தேர்ந்தார். பாட்டாசிரியர்களின் பயணங்களைப் பேசும் வரலாறு எதிலும் அந்த இரண்டாம் பயணத்துக்கு முதலிடம் தரலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கற்பிக்கும் முறையே மாறியது. மூன்று மாதத்துக்குள் குறிபார்த்துப் பாட வைக்க வேண்டிய கட்டாயத்தில் இருந்த ஆசிரியர்களுக்கு, கோடுகளின்மேல் மி எங்கே விழுகிறது என்று மாணவரைத் தேட வைப்பதே பெரும் தடையாக இருந்தது. சுரக்குறியின் தலையையே நான்கு வடிவங்களில் அச்சிட்டால், பார்த்தவுடனே சுரப்பெயர் தெரிந்துவிடும் என்ற எண்ணம் இதிலிருந்து பிறந்தது. 1801-இல் பிலடெல்பியாவில் வில்லியம் லிட்டிலும் வில்லியம் ஸ்மித்தும் வெளியிட்ட நூலில் ஃபாவுக்கு முக்கோணம், சோலுக்கு வட்டம், லாவுக்குச் சதுரம், மிக்குச் சாய்சதுரம் என்று அமைந்தது. இதே வடிவங்களை, முக்கோணமும் சதுரமும் இடம் மாற, ஆண்ட்ரூ லாவும் பயன்படுத்தி 1803-இல் நூல் வெளியிட்டார். அவர் இன்னும் ஒருபடி சென்று ஐந்து கோடுகளையே நீக்கிவிட்டு, வடிவங்களை மேலும் கீழுமாக வைப்பதாலேயே உயர்வு தாழ்வைக் காட்டினார். அதுவே அவர் முறைக்கு இடராயிற்று. லிட்டில், ஸ்மித் நூலில் கற்றவர் பழைய கோட்டுக்குறிப் புத்தகத்தையும் படிக்கலாம்; பழைய குறி அறிந்தவரும் புதிய நூலைத் தடையின்றிப் பார்த்துப் பாடலாம். லாவின் முறையில் கற்றவருக்கோ லாவின் புத்தகங்கள் மட்டுமே திறந்தன. அவர் தம் கண்டுபிடிப்பை நிலைநாட்ட இறுதி வரை முயன்று, 1821-இல் செஷயரில் காலமானார்.

நியூ இங்கிலாந்தில் இத்தொழிலுக்கு முடிவுகட்டியவரும் பாட்டுப் பள்ளியில் வளர்ந்தவரே. 1792-இல் மாசசூசெட்ஸின் மெட்ஃபீல்டில் பிறந்த லோவெல் மேசன், இருபதாம் வயதில் தெற்கே ஜார்ஜியாவின் சவானா நகருக்குச் சென்று, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே ஆலயத்தில் ஆர்கன் வாசித்தார். அவர் தொகுத்த நூலைப் பாஸ்டனின் ஹாண்டல் ஹைடன் சங்கம் 1822-இல் தன் பெயரில் வெளியிட்டது. இசைக்காரர் என்று அறியப்பட்டால் வங்கிப் பணிக்குக் கேடு என்று கருதி, மேசன் தம் பெயரைத் தலைப்புப் பக்கத்தில் இடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சவானாவில் இருந்தபோது அவர் மெட்டமைத்த பாடல்களுள் ஒன்று, ரெஜினால்டு ஹீபர் 1819-இல் வேல்ஸில் இருந்தபோது மிஷனரிப் பணிக்காக எழுதி, பின்பு ஆங்கிலம் பேசும் சபைகள் எங்கும் பரவிய பாடல். அந்த ஹீபர் கல்கத்தாப் பேராயராகி, தென்னாட்டுச் சபைகளைக் காண வந்த பயணத்தில், 1826 ஏப்ரல் 3 அன்று திருச்சிராப்பள்ளியில் இறந்தார். அங்குள்ள புனித யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

1827-இல் பாஸ்டனுக்குத் திரும்பிய மேசன், 1833-இல் ஓர் இசைக் கழகத்தை நிறுவுவதில் பங்குகொண்டார். 1837-இல் ஐரோப்பா சென்று அங்குக் கற்பிக்கும் முறைகளைப் பார்த்து வந்தபின், ஒரு பொதுப்பள்ளியில் ஊதியம் இன்றிப் பாட்டுக் கற்பித்துக் காட்டினார். அதன் விளைவாக 1838-இல் பாஸ்டன் நகரம் தன் பொதுப்பள்ளிகளில் இசையைப் பாடமாக ஏற்றது. அமெரிக்காவில் அதுவே முதல். ஆசிரியர்க்கு மாத ஊதியம் வந்தது. குழந்தைக்குக் கட்டணம் இன்றி இசை வந்தது. ஊர் ஊராகச் சென்ற ஆசிரியருக்குப் பதிலாக, ஊர்களிலிருந்த ஆசிரியர்கள் பாஸ்டனில் கூடிய மாநாடுகளுக்கு வந்து கற்றுச் சென்றனர். இது பெரும் ஈட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மேசனும் அவரைச் சார்ந்தோரும் வடிவக் குறிகளையும் பழைய அமெரிக்க மெட்டுகளையும் கல்லாதோர் வழக்கு என்று ஒதுக்கியதால், ஒரே தலைமுறையில் பில்லிங்ஸின் பெயர் அவர் பிறந்த நகரத்தின் ஆலயங்களிலிருந்தே மறைந்தது.

வடக்கே ஒதுக்கப்பட்டதைத் தெற்கும் மேற்கும் எடுத்துக்கொண்டன. வடிவக் குறிப் புத்தகங்களோடு ஆசிரியர்கள் ஷெனன்டோவா பள்ளத்தாக்கு வழியாக இறங்கினர். 1816-இல் வர்ஜீனியாவில் அனனையாஸ் டேவிசனும், 1835-இல் தென் கரோலினாவில் வில்லியம் வாக்கரும், 1844-இல் ஜார்ஜியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் வைட்டும் எலிஷா ஜேம்ஸ் கிங்கும் நான்கு வடிவக் குறியில் தொகுப்புகளை வெளியிட்டனர். கடைசியாகச் சொன்ன தொகுப்பான சேக்ரட் ஹார்ப், திருத்தப்பட்ட பதிப்புகளாக இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அதைப் பாடுவோர் நான்கு குரல்களுக்கு நான்கு பக்கமாக ஒருவரையொருவர் நோக்கிச் சதுரமாக அமர்கின்றனர். நடுவில் நின்று தாளம் காட்டுபவர் ஒவ்வொரு பாட்டுக்கும் மாறுகிறார். கேட்பவர் என்று தனியே ஒருவரும் இல்லை. எந்தப் பாட்டையும் முதலில் ஃபா, சோல், லா, மி என்று பாடிய பிறகே சொற்களோடு பாடுகின்றனர். அலபாமாவின் ஓசார்க் நகரைச் சார்ந்த கறுப்பின மக்கள் 1934-இல் தங்களுக்கென்று ஒரு நான்கு வடிவக் குறித் தொகுப்பை வெளியிட்டனர். டீக்கன் அடி சொல்லச் சபை பாடும் பழைய முறையும் அழியவில்லை; கென்டக்கி மலைப்பகுதியின் சில பாப்டிஸ்ட் சபைகளிலும் தென்மாநிலக் கறுப்பினச் சபைகளிலும் அது தொடர்ந்தது. அலபாமாவில் 2003 முதல் நடந்துவரும் கோடை முகாமில் தேர்ந்த பாடகர்கள் புதியவர்களுக்குப் பாட்டுப் பள்ளி நடத்துகின்றனர். 2012-இல் அத்தகைய முகாம் போலந்திலும் நடைபெற்றது, அமெரிக்காவிலிருந்து ஆசிரியர்கள் அங்குச் சென்று கற்பித்தனர்.